நடவாத ஆட்டங்களின் வரலாறு



வரலாற்று ஆசிரியன் ஒருவன் வகுப்பிலே நின்று பாடஞ் சொல்லும்போது, பின்வரிசையிலிருந்து தவறாது எழும் வினா ஒன்றுண்டு. "ஐயா, அப்படி நடவாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்பதே அது. நெப்போலியன் ரஷ்யாவின்மீது படையெடுக்காதிருந்தால்? கொலம்பஸ் கடலிலே மாண்டிருந்தால்? முப்பது ஆண்டுகளாக இவ்வினாவைக் கேட்டு வருகின்றேன். முப்பது ஆண்டுகளாக ஒரே விடையையே கூறியும் வந்தேன்: "தம்பி, வரலாற்றிலே 'ஆல்' விகுதிக்கு இடமில்லை. இரும்."

அவ்விடை முற்றும் சரியானதுதானா என்னும் ஐயம் எனக்கு அண்மையிலேதான் பிறந்தது. அதனைப் பிறப்பித்தது ஒரு நூலன்று, ஒரு விளையாட்டு. என்னிடம் படித்து, இப்பொழுது அமெரிக்காவிலே தொழில் செய்யும் மாணவன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தன் கணினியைத் திறந்து அதனை எனக்குக் காட்டினான். அமெரிக்கரின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போலில் முற்காலத்தே புகழ்பெற்ற வீரர்களை மீண்டும் களத்தில் இறக்கி, அவர்கள் வாழாத வாழ்வை வாழச் செய்யும் விளையாட்டு அது. போருக்குச் சென்றவன் போருக்குச் செல்லாதிருக்கின்றான், காயமுற்றவன் காயமுறாதிருக்கின்றான், வாசலிலே தடுக்கப்பட்டவன் உள்ளே வருகின்றான். ஆண்டுகள் ஓடுகின்றன. கணினி புதிய கணக்கொன்றை எழுதுகின்றது. அந்தக் கணக்கினால் வரலாற்று மாணவனுக்கு யாதேனும் பயனுண்டா? இன்றைய பேச்சிலே நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா இதுவே.

கிரிக்கெற் ஆட்டத்தை அறிந்த நமக்குப் பேஸ்போலை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஒருவன் பந்தை எறிகின்றான். மற்றொருவன் உருண்டையான துடுப்பினால் அதனை அடிக்கின்றான். ஓர் அணிக்கு ஒன்பது பேர். பந்தை அடித்துத் தளத்தைப் பாதுகாப்பாக அடைந்தால் அது வெற்றி அடி. நமது ஆறு ஓட்டத்தைப் போன்று வேலிக்கு அப்பால் அடித்தால் அது ஹோம் ரன். எத்தனை வாய்ப்புகளில் எத்தனை வெற்றி அடிகள் என்னும் விகிதமே ஒரு வீரனின் தரத்தை அளக்கும் பழைய கோல். ஆயிரத்துக்கு முந்நூறு பெற்றவன் சிறந்தவன். நானூறு பெற்றவன் அரியவருள் அரியவன்.

இவ்வாட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எறிபவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையே நிகழும் ஒவ்வொரு மோதலும் தனித்தனியே எண்ணத்தக்கது. அம்மோதல்களை ஒரு சிறு அட்டவணையிலே பதிவுசெய்யும் வழக்கத்தை வளர்த்தவர் ஹென்றி சாட்விக் என்பார். இங்கிலாந்திலே 1824 இல் பிறந்து, அமெரிக்காவிலே கிரிக்கெற் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிவந்தவர் அவர். கிரிக்கெற்றின் ஓட்டப் பதிவேட்டு முறையைத்தான் அவர் புதிய விளையாட்டுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். அதன் பயனாக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரு பிற்பகலில் ஒருவன் எத்தனை முறை அடித்தான் என்பதை இன்றும் நாம் எடுத்துப் பார்க்கலாம். மன்னர்கள் பலருக்கும் வாய்க்காத பதிவு இது.

பதிவு இருக்குமிடத்தில் கற்பனை நெடுங்காலம் சும்மா இருப்பதில்லை. 1951 இல் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரிலே, ரிச்சர்ட் சைற்ஸ் என்பவர் ஆப்பா என்னும் விளையாட்டை விற்பனைக்கு விட்டார். ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அட்டை. உருட்டுவதற்கு இரண்டு தாயக்கட்டைகள். அவை காட்டும் முப்பத்தாறு சேர்க்கைகளுக்கும் அட்டையிலே ஒவ்வொரு பயன். நன்றாக அடிப்பவனின் அட்டையில் நற்பயன்கள் மிகுதி. வலியற்றவனின் அட்டையில் குறைவு. 1961 இல் ஹால் றிச்மன் என்பவர் ஸ்ட்ராட்டோமற்றிக் என்னும் மற்றொன்றைத் தொடங்கினார். அதிலே மூன்று தாயக்கட்டைகள். முதலாவது கட்டை, அடிப்பவனின் அட்டையைப் பார்ப்பதா, எறிபவனின் அட்டையைப் பார்ப்பதா என்பதைத் தீர்மானிக்கும். ஏனைய இரண்டும் விளைவைக் கூறும்.

கணினியும் அக்காலத்திலேயே இத்துறைக்குள் நுழைந்துவிட்டது. 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோன் பேர்ஜெஸன் என்பவர், அந்நிறுவனத்தின் 1620 என்னும் கணினியிலே பழைய வீரர்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தும் முறையொன்றை எழுதினார். 1961 இல் பிட்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. வானொலி அதனைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியே நடத்தியது. நடவாத ஆட்டமொன்றின் வருணனையைக் காற்றிலே கேட்ட முதல் நேயர்களுள் அந்நகரத்தாரும் அடங்குவர். இன்று பலரும் ஆடும் அவுட் ஒஃப் த பார்க் என்னும் கணினி விளையாட்டு ஜெர்மானியராகிய மார்க்குஸ் ஹைன்ஸோனால் ஆக்கப்பட்டு, 1999 இல் வெளிவந்தது. என் மாணவன் எனக்குக் காட்டியது அதனையே.

அதன் உள்ளமைப்பை ஓர் உவமையால் விளக்கலாம். நம் முன்னோர் கண்ட குடவோலையை நினைவுகூருங்கள். ஒரு குடத்திலே ஆயிரம் ஓலைகளை இடுகின்றோம். ஒரு வீரன் தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு 344 வெற்றி அடிகள் பெற்றவனாயின், அவற்றுள் 344 ஓலைகளில் 'வெற்றி' என எழுதுகின்றோம். அவன் ஆட வரும்போதெல்லாம் ஓர் ஓலையை எடுக்கின்றோம். எறிபவனின் திறமைக்கேற்ப ஓலைகளின் தொகையைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றோம். வயது ஏற ஏறச் சில வெற்றி ஓலைகளை அகற்றுகின்றோம். காயத்துக்கும் சில ஓலைகள் உண்டு. இவ்வளவுதான். கணினி இதனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரம் முறை செய்துவிடுகின்றது. ஆயின் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒரே வீரனை நூறு முறை ஆட வைத்தால் நூறு வாழ்வுகள் கிடைக்கும். ஒன்றுபோல் மற்றொன்று இராது.

இனி அந்த 344க்கு உரியவரைக் காண்போம். பொஸ்டன் றெட் சொக்ஸ் அணியிலே 1939 முதல் 1960 வரை ஆடிய டெட் வில்லியம்ஸ் அவர். 1941 செப்டெம்பர் 28 ஆம் திகதி, பருவத்தின் இறுதி நாள். பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டங்கள். அன்று காலையில் அவருடைய விகிதம் ஆயிரத்துக்கு 399.55, முழு எண்ணாக்கினால் 400. ஆடாது இருந்துவிட்டால் அந்தப் பெருமை அவருக்கு உரியதாகிவிடும். இருக்கையில் அமர்ந்திருக்க அவருக்கு வாய்ப்பும் அளிக்கப்பட்டது. அவர் மறுத்தார். இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டு வாய்ப்புகளில் ஆறு வெற்றி அடிகளைப் பெற்று, 406 என்னும் விகிதத்தோடு அந்த ஆண்டை முடித்தார். அமெரிக்க லீக், தேசிய லீக் என்னும் இரண்டிலும் அதன்பின் எவரும் 400 ஐ எட்டவில்லை.

இத்தகைய வீரரின் வாழ்விலே இரண்டு பள்ளங்கள் உள்ளன. 1943, 1944, 1945 ஆகிய மூன்று பருவங்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பலியாயின. அவர் போர் விமானியாகப் பயிற்சி பெற்றுக் கொண்டும், பிறர்க்குப் பயிற்சி அளித்துக் கொண்டும் இருந்தார். பின்னர் கொரியப் போர் வந்தது. 1952 இல் ஆறு ஆட்டங்கள், 1953 இல் முப்பத்தேழு ஆட்டங்கள் மட்டுமே ஆடக் கிடைத்தன. கொரியாவிலே 39 முறை போர்ப் பறப்பிலே சென்றார். 1953 பெப்ரவரியில் ஒரு நாள், குண்டடி பட்ட விமானத்தைத் தரையிலே மோதி இறக்கி உயிர் பிழைத்தார்.

அவர் அடித்த ஹோம் ரன்கள் 521. பேப் றூத் என்னும் பெருவீரரின் எண்ணிக்கை 714. போர் இல்லாதிருந்தால் வில்லியம்ஸ் றூத்தை முந்தியிருப்பாரா? கணினி இல்லாமலே, கரும்பலகையில் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். முதற் பள்ளத்துக்கு முந்திய 1942 இல் அவர் அடித்தவை 36; பிந்திய 1946 இல் 38. ஆண்டுக்கு 37 என வைத்தால் மூன்று ஆண்டுக்கு 111. இரண்டாம் பள்ளத்துக்கு முந்திய 1951 இல் 30. பிந்திய 1954 இல் 29. எனவே இரண்டு ஆண்டுக்கு 59. அவ்விரு ஆண்டுகளில் கிடைத்த சில ஆட்டங்களிலே அவர் 14 அடித்துவிட்டமையால் குறைவு 45. ஆக 521, 111, 45 மூன்றும் சேர்ந்து 677. றூத்தின் எண்ணிக்கைக்கு 37 குறைவு. அஃதாவது, சரியாக இன்னும் ஒரு நல்ல ஆண்டு!

கணினி இக்கணக்குக்கு மேலதிகமாகத் தருவது யாது? ஒரு விடைக்குப் பதிலாக விடைகளின் பரப்பை அது தருகின்றது. ஒரு முறை அவர் றூத்தைக் கடக்கலாம். மற்றொரு முறை 1944 இல் முழங்கால் உடைந்து 500 ஐயும் எட்டாது ஓய்வு பெறலாம். போர் அவரிடமிருந்து ஆண்டுகளைப் பறித்தது என்று எளிதிலே சொல்லிவிடுகின்றோம். அவர் ஆடியிருக்கக்கூடிய அந்த ஆண்டுகளிலேயே அவருடைய கை முறிந்திருக்கவும் கூடும் என்பதை மறந்துவிடுகின்றோம். நடந்தது மட்டுமே நடந்திருக்கக்கூடியது என்னும் மயக்கத்தை இவ்விளையாட்டுப் போக்குகின்றது. அம்மயக்கம் மாணவர்க்கு மட்டுமன்று, ஆசிரியர்க்கும் உண்டு.

ஆயினும் இதிலே ஓர் இடறு கல் இருக்கின்றது. கிளீவ்லாந்து அணியிலே ஹேர்ப் ஸ்கோர் என்னும் இளைஞர் 1955 இல் பந்தெறிய வந்தார். முதல் ஆண்டிலேயே 245 பேரைத் தம் எறியினால் வீழ்த்தினார். அடுத்த ஆண்டு 263 பேரை வீழ்த்தி, இருபது ஆட்டங்களை வென்று கொடுத்தார். 1957 மே 7 ஆம் திகதி, நியூயோர்க் யாங்கீஸ் அணியின் கில் மக்டூகல் அடித்த பந்து நேராகப் பறந்து வந்து அவர் கண்ணிலே பட்டது. அதன்பின் அவர் பழைய ஸ்கோராக இருக்கவில்லை. 'அந்த ஒரு பந்து அவர் வாழ்வைக் கெடுத்தது' என்றே ஊரார் பேசினர். கணினியில் ஆடுவோரும் அந்தப் பந்தை அகற்றிவிட்டு அவரை ஆட வைப்பர். ஆனால் ஸ்கோர் அவ்வாறு கருதவில்லை. கண் குணமாகிவிட்டது என்றும், 1958 இல் தம் கையில் ஏற்பட்ட காயமே தம்மைக் கெடுத்தது என்றும் அவர் கூறிவந்தார். அப்படியாயின் 1957 இன் பந்தை அகற்றுபவன் தவறான காரணத்தையன்றோ அகற்றுகின்றான்? 'இது நடவாதிருந்தால்' என்று கேட்பதற்கு முன்னர், 'இதனால்தான் அது நடந்ததா' என்று கேட்கவேண்டும். வரலாற்றிலே இரண்டாவது வினாவே கடினமானது. ஸ்கோர் பிற்காலத்திலே பல்லாண்டுகள் கிளீவ்லாந்து அணியின் ஆட்டங்களை ஒலிபரப்பில் வருணித்து, அந்நகர மக்களின் அன்புக்கு உரியவராக வாழ்ந்தார் என்பதையும் நினைவுகூர்தல் தகும். 'கெட்டுப்போன வாழ்வு' என்று நாம் இடும் தலைப்புங்கூட ஆராயப்பட வேண்டியதே.

மற்றொரு வகையினரும் உளர். இரண்டாம் உலகப் போரிலே வில்லியம்ஸைப் போன்று சென்று மீண்டோர் பலர். அமெரிக்க லீக், தேசிய லீக் அணிகளுள் ஆடியவர்களுள் போர்க்களத்திலே உயிர் துறந்தோர் இருவர். எல்மர் கெடியன் 1939 இல் வாஷிங்டன் அணிக்காக ஐந்து ஆட்டங்கள் ஆடி, மூன்று வெற்றி அடிகள் பெற்றவர். குண்டுவீச்சு விமானத்தைச் செலுத்திச் சென்று, 1944 ஏப்ரல் 20 இல் பிரான்ஸிலே மாண்டார். ஹரி ஓநீல் அதே 1939 இல் பிலடெல்பியா அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தின் இறுதியில் பந்து பிடிக்க இறங்கியவர். துடுப்பைப் பிடிக்கும் முறை அவருக்கு வரவேயில்லை. 1945 மார்ச் 6 இல் இவோ ஜிமா தீவிலே மாண்டார். இருவருக்கும் வயது இருபத்தேழு.

இவர்களைக் கணினியில் ஆட வைக்க முயன்றால் என்ன ஆகும்? வில்லியம்ஸின் பள்ளத்துக்கு இருபுறமும் கரை உண்டு. ஆகையால் பாலம் கட்டலாம். ஓநீலுக்குக் கரையே இல்லை. குடத்திலே இடுவதற்கு ஓலை இல்லை. கணினி யாதேனும் ஓர் எண்ணைக் கொடுக்கும். ஆனால் அது ஓநீலின் எண்ணன்று. நேயர்களே, இழப்புக்களுள் மிகப் பெரியது கணக்கிட முடியாத இழப்பே. போர் ஒன்றிலே நாம் இழந்தோரைப் பற்றிப் பேசும்போது, புகழ்பெற்றவர்களின் முறிந்துபோன ஆண்டுகளையே எண்ணுகின்றோம். தொடங்குமுன்னரே முடிந்தவர்களை எண்ணுவதற்கு நம்மிடம் கருவி இல்லை.

மூன்றாம் வகை ஒன்றுண்டு. அதுவே என் உள்ளத்தை மிகவும் தொட்டது. ஜொஷ் கிப்சன் என்பார் 1911 இல் ஜோர்ஜியா மாநிலத்திலே பிறந்த கறுப்பினத்தவர். ஹோம்ஸ்டெட் கிரேய்ஸ், பிட்ஸ்பேர்க் குரோபோர்ட்ஸ் ஆகிய கறுப்பின அணிகளிலே ஆடியவர். வெள்ளையர் அணிகளிலே அவருக்கு இடமில்லை. 1884 க்குப் பின்னர் கறுப்பினத்தவர் எவரையும் பெரிய அணிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. இதற்கு எழுதப்பட்ட சட்டம் தேவைப்படவில்லை. எழுதாத தடையே போதுமானதாயிற்று. 1947 ஜனவரி 20 ஆம் திகதி கிப்சன் தம் முப்பத்தைந்தாம் வயதிலே இறந்தார். எண்பத்தைந்து நாட்களின் பின்னர், ஏப்ரல் 15 ஆம் திகதி, ஜாக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காகக் களமிறங்கித் தடையை உடைத்தார்.

கணினியிலே ஒரு பொத்தானை அழுத்தினால் 1930 ஆம் ஆண்டிலேயே அத்தடை நீங்கிவிடுகின்றது. கிப்சன் நியூயோர்க்கிலும் பொஸ்டனிலும் ஆடுகின்றார். என் மாணவன் அதைத்தான் மகிழ்ச்சியோடு காட்டினான். நான் அவனிடம் கேட்டேன்: "தம்பி, கிப்சனின் குடத்திலே இடும் ஓலைகள் எங்கிருந்து கிடைத்தன?" அவனுக்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்தபோதுதான், அந்த விளையாட்டினும் வியத்தகு செய்தி எனக்குத் தெரியவந்தது.

கறுப்பின அணிகளின் ஆட்டங்கள் பல ஒழுங்காகப் பதிவாகவில்லை. ஊரூராகச் சென்று ஆடிய ஆட்டங்களோ மிகப் பல. கூப்பர்ஸ்டவுன் நகரின் பெருமை மண்டபத்திலே கிப்சனுக்கு 1972 இல் இடம் வழங்கப்பட்டபோது, ஏறக்குறைய 800 ஹோம் ரன்கள் அடித்தவர் என்று பலகையிலே பொறித்தனர். அது பெரும்பாலும் செவிவழிச் செய்தியின் எண். பின்னர் ஆராய்ச்சியாளர் பலர், அவர்களுட் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர், பிட்ஸ்பேர்க் கூரியர், சிக்காகோ டிபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய பிரதிகளை ஏடு ஏடாகப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாக எண்ணித் தொகுத்தனர். 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பின லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசெம்பரிலே அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்திலே அவ்வெண்கள் அதிகாரபூர்வமான ஏட்டிலே சேர்க்கப்பட்டன. அன்று முதல், வாழ்நாள் விகிதத்தின் முதலிடம் ஆயிரத்துக்கு 372 பெற்ற ஜொஷ் கிப்சனுக்கே உரியது. நெடுங்காலம் அவ்விடத்திலிருந்த ரை கொப் இரண்டாமவரானார்.

ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். அந்த ஏட்டிலே கிப்சனின் ஹோம் ரன்கள் 800 அல்ல. 200 க்கும் குறைவே. கறுப்பின லீக்குகளின் பருவங்கள் குறுகியவை. கண்டெடுக்கப்பட்ட ஆட்டங்கள் மட்டுமே எண்ணப்பட்டன. 'அவர் வெள்ளையரோடு ஆடியிருந்தால் இத்தனை அடித்திருப்பார்' என்று கணினி கூறும் எண்ணை எவரும் அதிலே எழுதவில்லை. எழுதவும் கூடாது. கற்பனையான பெரிய எண்ணைக் காட்டிலும் கண்டெடுத்த சிறிய எண்ணே அவருக்கு நீதி செய்தது. பொத்தானை அழுத்தித் தடையை நீக்குபவன், அத்தடை எத்தனை உயரமானது என்பதையும், அதனை உடைப்பதற்கு றொபின்சன் எத்தனை வசைகளைப் பொறுத்தார் என்பதையும் மறந்துபோகக்கூடும். ஏட்டைப் புரட்டியவனோ அதனை மறக்கமாட்டான்.

இவ்விடத்திலே நாம் மீண்டும் டெட் வில்லியம்ஸிடம் வருகின்றோம். 1966 ஜூலையில் அவருக்கு அந்தப் பெருமை மண்டபத்திலே இடம் கிடைத்தது. நன்றி கூற எழுந்தவர், தாம் இழந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவ்வாறு பேசியிருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆனால் அவர், வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களின் அடையாளமாக சச்சல் பேய்ஜுக்கும் ஜொஷ் கிப்சனுக்கும் அம்மண்டபத்திலே என்றேனும் இடம் கிடைக்கவேண்டும் என்று தம் விருப்பத்தை வெளியிட்டார். பேய்ஜுக்கு 1971 இலும், கிப்சனுக்கு அடுத்த ஆண்டிலும் அவ்விடம் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளை இழந்தவர், அனைத்தையும் இழந்தவருக்காகப் பேசினார்.

எங்கள் பாடசாலையின் பழைய வரவு இடாப்புகள் ஓர் அலுமாரியிலே இருக்கின்றன. அவற்றுள் சில பெயர்களுக்கு எதிரே அடையாளங்கள் சில மாதங்கள் வரை ஒழுங்காகச் சென்று, பின்னர் திடீரென நின்றுவிடுகின்றன. போர்க்காலத்து இடாப்புகளிலே அத்தகைய பெயர்கள் அதிகம். அப்பிள்ளைகள் தொடர்ந்து படித்திருந்தால் யார் யாராக ஆகியிருப்பர் என்று எந்தக் கணினியும் எனக்குக் கூறப்போவதில்லை. ஆனால் அவ்விடாப்புகளைச் செல்லரிக்காமற் காப்பது என்னால் இயலும். இவ்விளையாட்டைக் கண்ட பின்னர் நான் செய்த முதல் வேலை, அவற்றை வெளியே எடுத்துத் தூசி தட்டி, பெயர்களை வேறொரு புத்தகத்திலே படியெடுக்க ஒழுங்கு செய்ததே.

ஆகவே நேயர்களே, பின்வரிசை மாணவனுக்கு இப்பொழுது வேறு விடை கூறுகின்றேன். "நல்ல வினா, தம்பி. நடவாததை எண்ணிப் பார். அப்பொழுதுதான் நடந்ததனால் எவர் எதை இழந்தார் என்பது உனக்குத் தோன்றும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதே. அந்த இழப்பு எந்த ஏட்டிலே பதியப்பட்டிருக்கின்றது, எந்த ஏட்டிலே பதியப்படாது விடப்பட்டது என்று தேடு." 'ஆல்' விகுதி வரலாற்றின் வாசற்படியாக இருக்கலாம். வீடு உள்ளே இருக்கின்றது.